அகேட் கல்லுக்கு மெருகேற்ற என்னென்ன கருவிகள் வாங்கலாம்?

கருவியைத் தேடும் முன் கல்லை முடிவு செய்யுங்கள். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அகேட், அமேதிஸ்ட் போன்ற குவார்ட்ஸ் வகைகள் 7, மாணிக்கமும் நீலக்கல்லும் 9. பழகுவதற்கு அகேட்டைத்தான் சொல்வேன். விலை குறைவு, பிளவுத்தளம் (கல் எளிதாகப் பிளக்கும் தளம்) கிடையாது. காங்கேயம் பக்கம் பேர் பெற்ற மூன்ஸ்டோன் 6தான், தேய்க்க மென்மை என்றாலும், தட்டினால் அந்தத் தளம் பிடித்து உடையும்.

முதலில் அறுப்பு. இதற்கு இப்போதே செலவழிக்க வேண்டாம். வில்லையாக அறுத்த கல்லே விலைக்குக் கிடைக்கிறது. பின்னால் வாங்கும்போது தண்ணீர்த் தொட்டியுள்ள 6 அங்குல மேசை ரம்பமும், விளிம்பில் இடைவெளி இல்லாத மெல்லிய டைமண்ட் பிளேடும் போதும்.

அடுத்தது தேய்ப்பு. பணத்தை இங்கே போடுங்கள். ஆறு சக்கர கேபிங் மெஷினில் (கல்லை மேடாகத் தேய்க்கும் இயந்திரம்) மேடான வடிவம் சுலபமாக வரும், ஆனால் விலை அதிகம். தொடங்குபவருக்கு 6 அல்லது 8 அங்குலத் தட்டைச் சாணை (கிடையாகச் சுழலும் தட்டு) போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா, தட்டு ஆடாமல் சுழல்கிறதா என்று ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். அதோடு 220, 600, 1200, 3000 எண் டைமண்ட் டிஸ்க்குகள் வேண்டும்; எண் கூடக் கூடத் தேய்ப்பு நுண்மையாகும்.

கல்லை அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டி, 220இல் வடிவம் கொண்டுவாருங்கள். அப்புறம் ஒவ்வொரு எண்ணாக ஏறுங்கள். மாற்றும் முன் கல்லைக் கழுவி, துடைத்து, காயவிட்டு, 10 மடங்கு லூப்பில் (சிறு உருப்பெருக்கி) பாருங்கள். ஈரத்தில் கீறல் மறைந்துகொள்ளும். 220இன் கீறல் ஒன்று மிஞ்சினாலும் 3000 அதை எடுக்காது. திரும்பப் பின்னால்தான் போக வேண்டும்.

தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட தேய்க்காதீர்கள். அகேட் தூசி சிலிக்கா. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தொழிலாளர்கள் பலரின் நுரையீரலை, அந்தத் தூசியை சுவாசிப்பதால் வரும் சிலிகோசிஸ் நோய் தின்றிருக்கிறது. தண்ணீர் சொட்டும் அமைப்பு, என்95 முகக்கவசம், கண் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றையும் மெஷினோடு சேர்த்தே வாங்குங்கள். ஈரமும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்திய இணைப்பு கட்டாயம். தேய்ப்பில் சேரும் சேற்றைக் காயவிட்டுக் கூட்டக் கூடாது, ஈரமாகவே வழித்தெடுங்கள்.

கடைசியாக மெருகு. சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) தட்டில் தடவி, குறைந்த வேகத்தில் அழுத்துங்கள். ஃபெல்ட் லேசாகக் கல்லைப் பிடித்து இழுக்கும்போதுதான் பளபளப்பு ஏறும். ஆனால் கல் சூடானால் அரக்கு இளகிக் கழன்றுவிடும், அவ்வப்போது விரலால் தொட்டுப் பாருங்கள். மாணிக்கத்துக்குப் போகும்போது இதே சாணை உதவும். சீரியத்துக்குப் பதில் டைமண்ட் பேஸ்ட் வாங்கினால் சரி.