கர்ப்பகாலச் செயலி: முதலில் திகதியைச் சரியாகப் போடுவோம்

மட்டக்களப்பு வவுணதீவில் இருக்கும் என் மச்சாளின் போனில் போன மே மாதக் கடைசியில், "பிள்ளை இன்னும் எள்ளளவுதான்" என்று செயலி காட்டியது. அவளுக்கோ அப்போது இருபது வாரம், பிள்ளை உதைக்கவே தொடங்கிவிட்டது. விசாரித்தால், ஜனவரி 5ஐ 05/01 என்று போட்டிருக்கிறாள். மாதத்தை முதலில் வாசிக்கும் அந்தச் செயலி அதை மே 1 என்று எடுத்துவிட்டது.

1. திகதி

கிளினிக் கார்டைக் கையில் எடுங்கள். கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளைப் போடுங்கள். அது முடிந்த நாளோ, சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட நாளோ வேண்டாம். அந்த நாளிலிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவத் திகதி வரும். ஜனவரி 5 என்றால் ஒக்டோபர் 12 காட்ட வேண்டும். ஆரம்ப ஸ்கேனைப் பார்த்து டொக்டர் வேறு திகதி எழுதியிருந்தால் அதையே போடுங்கள். கார்டும் போனும் முரண்பட்டால் கார்டுதான் சரி.

2. குளிசை மணி

இரும்புச்சத்துக் குளிசைக்கு ஒன்று, கல்சியத்துக்கு ஒன்று என்று இரண்டு நினைவூட்டல் மணி வையுங்கள். சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. தேத்தண்ணியும் அதே வேலையைத்தான் செய்யும். பின்னேரப் பிளேன்டீயை விடமாட்டோம் என்பதால், இரும்புக் குளிசையின் மணியை அதற்குக் கிட்ட வைக்காதீர்கள். எந்த நேரம் தோது என்று மிட்வைஃபிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

3. அசைவு எண்ணுதல்

கடைசி மூன்று மாதத்துக்கு இது முக்கியம். பிள்ளை அசையும்போதெல்லாம் பொத்தானைத் தட்டினால் செயலி எண்ணிக்கொள்ளும். காலை 9 மணி தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் 10 அசைவு என்பது பரவலாகச் சொல்லித்தரும் கணக்கு. சில செயலிகள் இரண்டு மணித்தியாலக் கணக்குக் கேட்டுக் குழப்பும். கிளினிக்கில் சொன்னபடியே எண்ணுங்கள். பத்து வராவிட்டாலோ, வழமையை விடக் குறைந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே வைத்தியசாலைக்குப் போங்கள். போனை வயிற்றில் வைத்தால் இதயத்துடிப்புக் கேட்கும் என்கிற செயலிகளை நம்பி இருந்துவிட வேண்டாம்.

4. அவசர இலக்கம்

தமிழில் கிடைக்கும் செயலிகள் பல இந்தியாவுக்குச் செய்தவை, 108 என்று காட்டும். இலங்கையில் நமக்கு 1990, சுவசெரிய அம்புலன்ஸ். காசு கேட்கமாட்டார்கள். இரத்தப்போக்கு, பன்னீர்க்குடம் உடைதல், விடாத தலையிடி, கண் மங்கல், வலிப்பு என்றால் செயலிக்குள் தேடிக்கொண்டிருக்காமல் உடனே எடுங்கள்.

5. மிச்சம்

அடையாள அட்டை இலக்கம் கேட்டால் கொடுக்க வேண்டாம், இருப்பிட அனுமதியும் தேவையில்லை. வவுணதீவு இருக்கும் படுவான்கரைப் பக்கம் சிக்னல் வந்து போகும் என்பதால், டேட்டாவை நிறுத்திவிட்டு ஒருதரம் திறந்து பாருங்கள். அசைவுக் கணக்கும் குளிசை மணியும் அப்போது வேலை செய்யாவிட்டால், அதை அழித்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள்.