மறைப்புக்குக் காம்பவுண்டு: 188 அடிக்கு என்ன போடலாம், எவ்வளவு ஆகும்

40-க்கு 60 அடி மனை. சுற்றளவு 200 அடி. கேட்டுக்கு 12 அடி போக 188 ரன்னிங் அடி. சாலையில் நடப்பவர் கண்ணுக்கு உள்ளே தெரியக் கூடாது என்பதால் உயரம் 6 அடி. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த மனைக்குத்தான். உங்கள் மனைக்கு நீளத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். சாலை உங்கள் தரையைவிட ஒன்றரை அடி மேலே இருந்தால், உள்ளிருந்து 6 அடி எழுப்பிய சுவர் வெளியே நிற்பவருக்கு நாலரை அடிதான். எந்தப் பக்கத் தரை மேடோ அங்கிருந்து அளக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாடி ஜன்னலை எந்தக் காம்பவுண்டும் மறைக்காது. அதற்கு மரம்தான் வழி. 8 அடி, 9 அடி என்று ஏற்றுவதில் செலவும் ஆபத்தும் ஏறுமே தவிர மறைப்பு பெரிதாக அதிகரிக்காது. உள்ளாட்சியில் அனுமதிக்கும் உயரத்தையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அளவுக்கல் தெரியாமல் நூல் கட்டாதீர்கள்

பட்டாவும் புல வரைபடமும் கையில் இருக்கட்டும். கல் காணவில்லை என்றால் நில அளவைக்கு விண்ணப்பித்து, பக்கத்து மனைக்காரர் எதிரிலேயே அளந்து கல் ஊன்றுங்கள். சுவர் எல்லையில் நின்றாலும் அஸ்திவாரம் முழுக்க உங்கள் மனைக்குள் இருக்க வேண்டும். தூணுக்கு அடியில் வார்க்கும் அகலமான கான்கிரீட் பாதம்தான் ஃபுட்டிங். இரண்டரை அடி அகல ஃபுட்டிங்கின் நடுவில் 9 இஞ்ச் தூணை எல்லை ஒட்டி நிறுத்தினால், ஃபுட்டிங் 10 இஞ்சுக்கு மேல் அடுத்தவர் மண்ணுக்குள் போய்விடும். தூண் ஃபுட்டிங்கின் ஓரத்தில் வர வேண்டும் என்று பள்ளம் தோண்டும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். ஓரத் தூண் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும்; அதைப் பிடித்துக்கொள்வது, தரைமட்டத்தில் தூண்களை இணைத்து ஓடும் பெல்ட் கான்கிரீட். அதனால் இந்த இடத்தில் பெல்டை விட்டுவிட்டுச் செலவைக் குறைக்கவே கூடாது.

காற்றுக் கணக்கு

மறைக்கிற எதுவும் காற்றையும் மறிக்கும். இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 875 விதித்தொகுப்பு சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்தில் சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ அழுத்தம். 8 அடி நீளம், 6 அடி உயரம் உள்ள ஒரு கட்டத்தின் மேல் 680 கிலோ விழுகிறது.

6 இஞ்ச் சாலிட் பிளாக் சுவர் கனமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் தூணே இல்லாமல் வெறும் எடையால் நிற்கும் 6 அடிச் சுவர், இந்தக் கவிழ்க்கும் விசையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத்தான் தாங்கும். மீதியைத் தாங்குவது தூணும் அதன் அஸ்திவாரமும். நாலரை இஞ்ச் செங்கல் சுவரை 12 அடிக்கு ஒரு செங்கல் கட்டைத் தூணோடு எழுப்பினால், புயலில் மொத்தமாகப் படுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

பிளாக் சுவர்

9 அடிக்கு ஒரு கான்கிரீட் தூண் என்றால் 22 தூண். தூண் 9-க்கு 9 இஞ்ச். நான்கு 10 எம்எம் கம்பி. அவற்றைச் சுற்றி 6 இஞ்சுக்கு ஒரு 8 எம்எம் ரிங். ஃபுட்டிங் இரண்டரைக்கு இரண்டரை அடி, தரைக்கு 3 அடி கீழே. தரைமட்டத்தில் 9-க்கு 9 பெல்ட். அதன் மேல் 6 இஞ்ச் சாலிட் பிளாக், உச்சியில் மழை இறங்காமல் மூடும் கோப்பிங், இருபக்கமும் பூச்சு.

16-க்கு 8 இஞ்ச் முகம் உள்ள பிளாக், சாந்தோடு சேர்த்து 100 சதுர அடிக்கு 108 பிடிக்கும். தூண் அகலத்தைக் கழித்தால் சுவர் 1,030 சதுர அடி. சேதாரத்தோடு 1,150 பிளாக் வாங்கினால் போதும். செங்கல் என்றால் நாலரை இஞ்ச் சுவருக்குச் சதுர அடிக்கு நாலரைக் கல், 9 இஞ்சுக்கு 9 கல்.

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போட இப்படி வைத்துக்கொள்வோம்: பிளாக் 42 ரூபாய், சிமெண்ட் மூட்டை 400, கம்பி கிலோ 65, எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) யூனிட் (100 கன அடி) 6,000, ஜல்லி யூனிட் 4,500.

பிளாக் 1,150: 48,300
சிமெண்ட் 105 மூட்டை: 42,000
கம்பி 600 கிலோ: 39,000
எம்-சாண்ட் மூன்றரை யூனிட்: 21,000
ஜல்லி மூன்றரை யூனிட்: 15,750
கூலி, பள்ளம், பலகை அடைப்பு: 1,05,000

மொத்தம் 2,71,050. ரன்னிங் அடிக்கு 1,440 ரூபாய் சொச்சம்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். கம்பி முழுவதும், ஜல்லி முழுவதும், சிமெண்டில் 77 மூட்டையும் மணலில் பாதியும் தூணுக்கும் பெல்டுக்கும் ஃபுட்டிங்குக்கும் போகின்றன. அது 95,000 ரூபாய்க்கு மேல். பிளாக்கின் விலையைப்போல இரண்டு மடங்கு. பிளாக்கில் 4 ரூபாய் குறைவாகப் பேரம் பேசினால் 4,600 ரூபாய் மிச்சம். உயரத்தை 6-லிருந்து 5 அடியாக்கினாலும் தூண், பெல்ட், ஃபுட்டிங் என்ற எலும்புக்கூடு ஏறக்குறைய அப்படியே நிற்கும். 185 பிளாக்கும் கொஞ்சம் சாந்தும்தான் குறையும். செலவை உண்மையில் குறைக்க வேண்டுமானால், மறைப்பு தேவைப்படாத பக்கத்தில் இந்த வகைச் சுவரே போடாமல் இருப்பதுதான் வழி.

வேலையில் கவனிக்க வேண்டியவை: பிளாக் வார்த்து 21 நாளாவது ஆகியிருக்க வேண்டும். பச்சைப் பிளாக் சுவரான பிறகு சுருங்கி, படிக்கட்டு மாதிரி வெடிப்பு விடும். செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கட்ட வேண்டும். பிளாக்கை ஊறப்போடக் கூடாது, மேலே லேசாகத் தெளித்தால் போதும். பழக்கத்தில் கொத்தனார் இரண்டையும் நனைத்துவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு நாளில் 4 அடிக்கு மேல் எழுப்ப வேண்டாம். தூண் கம்பியை நிறுத்திவிட்டு, இருபக்கமும் பிளாக்கை ஒரு வரிசை நீட்டி ஒரு வரிசை உள்வாங்கிப் பல் விட்டுக் கட்டி, அதன்பின் நடுவில் கான்கிரீட் ஊற்றினால் சுவரும் தூணும் ஒன்றாகப் பிடிக்கும். தூணை முதலில் வார்த்துவிட்டுப் பிளாக்கை ஒட்டவைத்தால் அந்த ஓரத்தில் நேர்க்கோட்டு வெடிப்பு நிச்சயம். 40 அடிக்கு ஒரு இடத்தில் இரட்டைத் தூண் வைத்து, இடையில் 1 இஞ்ச் தெர்மோகோல் விடுங்கள். மேலே போட்ட 22 தூணில் இந்தக் கூடுதல் தூண்கள் சேரவில்லை.

கரிசல் மண்ணில் மேலே சொன்ன ஆழம் போதாது. கோடையில் பிளந்து மழையில் உப்பும் மண் அது. பெல்டுக்கு அடியில் இருக்கும் கரிசலை ஓர் அடியாவது எடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குங்கள். ஃபுட்டிங் ஆழத்தை மட்டும் பொறியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ரெடிமேட் ஸ்லாப்

காடி (நீளப் பள்ளம்) வைத்த போஸ்டுகளுக்கு நடுவே ஓர் அடி உயரக் கான்கிரீட் ஸ்லாபுகளை மேலிருந்து இறக்குவது. 7 அடிக்கு ஒரு போஸ்ட் என்றால் 27 கட்டம், மூலையும் கேட்டும் சேர்த்து 28 போஸ்ட், 162 ஸ்லாப். ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு 90 ரூபாய் சொன்னால் 1,128 சதுர அடிக்கு 1,01,520 ரூபாய்; பிளாக் சுவர்ச் செலவில் பாதிகூட இல்லை. மண்ணுக்குள் போகும் பகுதியையும் சதுர அடியில் சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

2 இஞ்ச் ஸ்லாப் ஒன்று 80 கிலோ வரை வரும். ஒன்றரை இஞ்சைக் கொடுத்துவிட்டு 2 இஞ்ச் என்பார்கள். டேப் வைத்து அளந்துவிடுங்கள். 6 அடி நிற்க 8 அடி போஸ்ட் வேண்டும், 2 அடி மண்ணுக்குள். குழி 15-க்கு 15 இஞ்ச் எடுத்து 1:2:4 கலவை (சிமெண்ட் 1, மணல் 2, ஜல்லி 4) ஊற்றினால் 28 குழிக்கும் சேர்த்து 15 மூட்டை சிமெண்ட் ஆகும். பலர் ஒரு சட்டிக் கலவையைக் கொட்டி மேலே மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். அடுத்த மழைக்குள் வரிசை பாம்பாக வளையும். போஸ்ட் நட்ட அன்றே ஸ்லாபை இறக்குவதும் தப்பு. மூன்று நாள் விடுங்கள்.

ஸ்லாபுக்கு இடையே கோடு கோடாக வெளிச்சம் தெரியும். மறைப்புக்காகப் போடுகிறீர்கள் என்றால் அந்த இடுக்கைச் சாந்து வைத்து அடைக்கும் கூலியையும் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். தரையை ஒட்டிய ஸ்லாப் 4 இஞ்ச் புதையட்டும், நாய் தோண்டி நுழையாது. உள்ளே மண் கொட்டி மேடாக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வகையே வேண்டாம். ஸ்லாப் மண்ணைத் தாங்கச் செய்ததில்லை. கடலோர ஊர்களில் கம்பி மேல் கான்கிரீட் மெலிதாக இருந்தால் சில வருடத்தில் துருப்பிடித்து ஓரம் உதிரும்.

ஷீட், நெட், செடி

கலர் ஷீட் ஒரே நாளில் முடியும், பார்க்கவும் துப்புரவாக இருக்கும். பிரச்சினை போஸ்டில். 8 அடிக்கு ஒன்றாக நிற்கும் 2-க்கு 2 இஞ்ச், 2 எம்எம் ஸ்கொயர் பைப், சென்னைக் கணக்கின் 680 கிலோவில் கால்வாசி வந்ததுமே அடியில் மடங்கும். 3-க்கு 3 இஞ்ச், 3 எம்எம் பைப்பை 5 அடிக்கு ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் கீழே 3 அடி பிளாக், மேலே 3 அடி ஷீட். அதுவும் பட்டைகளுக்கு இடையே விரல் அளவு இடைவெளி விட்டு. நேராகப் பார்ப்பவருக்கு மறையும், காற்றும் வழி கண்டுகொள்ளும்.

காலி மனைக்கும் தோட்டத்துக்கும் செயின்லிங்க் (கம்பி வலை) வேலியில் கிரீன் நெட் கட்டினால் போதும். நெட் வெயிலில் நைந்துவிடும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வேலியை ஒட்டி நொச்சி ஊன்றிவிட்டால் நெட் கிழிவதற்குள் செடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். ஆடு மாடு நொச்சியைத் தொடாது.

தண்ணீர் வெளியேற வழி

எந்தச் சுவரானாலும் மனையின் தாழ்ந்த பக்கத்தில் 10 அடிக்கு ஒரு 4 இஞ்ச் பிவிசி குழாயைத் தரைமட்டத்தில் பதியுங்கள். ஒரு பக்கம் மட்டும் தண்ணீரோ ஈர மண்ணோ தேங்கினால் அது காற்றைப்போல வந்து போகாது, நாள் கணக்கில் தள்ளிக்கொண்டே நிற்கும். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று மழையில் இடிந்த உயரமான சுற்றுச்சுவர் 17 பேரைக் கொன்றது. உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு இருந்தால், உயரத்தையும் குழாயையும் முடிவு செய்யும்போது அவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் தூண் இடைவெளி, கம்பி அளவு, ஃபுட்டிங் ஆழம், பூச்சு ஒரு பக்கமா இருபக்கமா, கட்டிய சுவர் இறுகத் தண்ணீர் விடுவது யார் என்ற ஐந்தையும் எழுதி வாங்குங்கள். பள்ளத்தை மூடும் முன் ஃபுட்டிங்கையும் கம்பியையும் படம் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகே இரண்டாம் தவணைப் பணம் கொடுங்கள்.