ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில் போகும் முன்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள பஸ்ஸையோ மோட்டார் ஹோமையோ நீங்களே பழுது பார்க்கப் போகிறீர்களா? காற்றை நம்பி மட்டும் அடியில் படுக்காதீர்கள். பெல்லோஸில், அதாவது வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பையில், காற்று போனால் வண்டி நொடியில் பல அங்குலம் இறங்கிவிடும். ஜாக்கும் போதாது. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எடை தாங்கும் ஸ்டாண்டைக் கையேடு காட்டும் இடத்தில் சேஸிஸுக்கு அடியில் வைத்த பிறகே உள்ளே போங்கள்.

இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை இறங்கி நிற்கிறதா? காற்று ஏற்றிவிட்டு பெல்லோஸ், குழாய் இணைப்பு, வண்டியின் உயரத்தைச் சரியாக வைக்கும் லெவலிங் வால்வு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடத்தில்தான் கசிவு. இணைப்பில் என்றால் சரி, சுலபமான வேலை. பெல்லோஸ் ரப்பரில் வெடிப்பு இருந்தால் ஒட்டுப் போடவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். எதைக் கழற்றினாலும் முதலில் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள்.