சிகாகோ ஸ்டாக்யார்டு பேட்ஜ்: காலம் கணிப்பதும் கெடாமல் காப்பதும்

சிகாகோவின் யூனியன் ஸ்டாக் யார்டு 1865 டிசம்பர் 25-ல் திறந்து 1971 ஜூலையில் மூடப்பட்ட மாபெரும் கால்நடைச் சந்தை. அங்கே வேலை செய்தவர்களின் எண் பொறித்த பேட்ஜ்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. போலியும் நிறையவே வருகிறது. ஒன்று கையில் கிடைத்ததும் பளபளப்பாக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அழுக்கும் தேய்மானமும்தான் நமக்குச் சாட்சி. முதலில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, எழுத்தைப் படியுங்கள். தயாரிப்பாளர் முத்திரையைவிட நிறுவனத்தின் பெயர்தான் காலத்தை நெருக்கமாகச் சொல்லும். சந்தையை நடத்திய நிறுவனத்தின் பெயர் ‘யூனியன் ஸ்டாக் யார்டு அண்ட் டிரான்சிட் கம்பெனி’. இறைச்சி நிறுவனங்களில் வில்சன் என்ற பெயர் 1916-க்கு முன் இல்லை. அதுவரை அது சல்ஸ்பெர்கர். மாரிஸ் 1923-ல் ஆர்மரோடு இணைந்துவிட்டது. அரசு இறைச்சி ஆய்வாளர் பேட்ஜில் ‘பீரோ ஆஃப் அனிமல் இண்டஸ்ட்ரி’ என்று இருந்தால் 1884-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. தொழிற்சங்கப் பொத்தானில் (சட்டையில் குத்திக்கொள்ளும் வட்ட பேட்ஜ்) ‘பேக்கிங்ஹவுஸ் ஒர்க்கர்ஸ் ஆர்கனைசிங் கமிட்டி’ என்றால் 1937 முதல் 1943 வரை. ‘1890-ஆம் ஆண்டு வில்சன் பேட்ஜ்’ என்று யாராவது விற்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

பெயர் ஒத்துப்போனால், பத்து மடங்கு லென்ஸில் எண்ணைப் பாருங்கள். அச்சில் அடித்த பேட்ஜில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். எண்ணைப் பிறகு ஒவ்வொரு இலக்கமாகத் தட்டிப் பதித்திருந்தால், இலக்கங்கள் சற்றே மேலும் கீழுமாக நிற்கும். சுற்றிலும் உலோகம் மெல்லிய வரப்பாக எழும்பியிருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் அந்த வரப்பு மழுங்கிப்போய், எழுத்தின் ஓரங்களில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். பின்னூசி மட்டும் புதிதாக இருந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். ஊசி உடைந்து மாற்றியிருக்கலாம். பழைய பற்றாசின் தடம் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? அடர்த்தியை அளக்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசில் பேட்ஜை எடை போடுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பேட்ஜை நூலில் கட்டி, முழுக்க மூழ்கியும் அடியையோ பக்கத்தையோ தொடாமலும் பிடியுங்கள். அப்போது காட்டுவது ஒதுக்கப்பட்ட நீரின் எடை. முதல் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 21 கிராம் பேட்ஜ் 2.5 காட்டினால் 8.4, அதாவது பித்தளை. 6.7-ஐ ஒட்டி வந்தால் துத்தநாக வார்ப்புக் கலவை. ஜாமாக் எனப்படும் அந்தக் கலவை 1929-ல்தான் வந்தது. 1900-ஆம் ஆண்டுச் சரக்கு என்றால் பலத்த சந்தேகம். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் எனாமல் அதிகம் இருந்தாலும் அடர்த்தி குறைந்தே வரும். செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) மூடிய பொத்தானுக்கு இந்தச் சோதனை கூடவே கூடாது. உள்ளே இருக்கும் காகிதம் ஊறிக் கறைபடும்.

உலோக பேட்ஜைக் காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு மிதமான சோப்பும் போட்டு மென்மையான தூரிகையால் கழுவி, நன்றாக அலசி, உடனே ஒற்றி உலர்த்துங்கள். அவ்வளவுதான். பித்தளை பாலிஷ் நிக்கல் பூச்சை அரித்துவிடும். மேடான எழுத்துகளில் மஞ்சள் தெரிந்தால் மீட்க வழியில்லை. அம்மோனியா கலந்த பாலிஷ் இன்னும் மோசம். அச்சில் அழுத்திய பித்தளையில் தங்கியிருக்கும் இறுக்கத்தால் வெடிப்பே விழலாம். மெழுகுபோன்ற பச்சை, தோலிலும் வியர்வையிலும் இருக்கும் கொழுப்பால் வருவது; மரக்குச்சியால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். வெளிர்பச்சைத் தூள் சுரண்டிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பூத்தால் அது குளோரைடு அரிப்பு. அந்த பேட்ஜைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் கீழே வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

பிவிசி உறையும் ஓக் மரப்பெட்டியும் அரிப்பை வளர்க்கும். பாலிப்ரொப்பிலீன் உறை போதும். செல்லுலாய்டு பொத்தான்களை மட்டும் உலோகத்தோடு சேர்த்து மூடி வைக்காதீர்கள். சிதையும்போது வெளிவரும் அமில வாயு பக்கத்து பேட்ஜ்களையும் அரிக்கும். செல்லுலாய்டு பொத்தான்களின்மேல் அசிட்டோன் ஒரு துளி பட்டாலும் மேற்பரப்பு கரைந்துவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.