மிலிட்டரில இருந்து வந்தவர் ராத்திரி தூங்கலயா? வீட்ல நாம பண்ற தப்புகள்

ஆத்தூர், ஓமலூர், மேட்டூர்னு நம்ம சேலம் பக்கம் எங்க போனாலும் மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். நாப்பது வயசு சுமாருக்கே பென்ஷனோட வந்து பேங்க்ல கன்மேன், அப்பார்ட்மென்ட்ல செக்யூரிட்டினு வேலைக்குப் போயிடுவாங்க, வெளிய இருந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். ராத்திரி எந்திரிச்சு கேட் பூட்ட திரும்பத் திரும்ப ஆட்டிப் பாக்கறது வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இது பிடிஎஸ்டியா இருக்கலாம், அதாவது பயங்கரமான சம்பவத்துல மாட்டுனவங்களுக்கோ பாத்தவங்களுக்கோ மனசுல தங்கிப்போற அதிர்ச்சி நோய். 1980லயே டாக்டர்களோட நோய்ப் பட்டியல்ல வந்துருச்சு, ஆனா நம்ம ஊர்ல இன்னும் "திமிரு", "கோவக்காரன்"னுதான் பேரு.

"இவரு சண்டைக்கே போகலயே, இவருக்கு எப்படி வரும்?"னு கேக்கறது முதல் தப்பு. 87ல இலங்கைக்குப் போனவங்க, 99ல கார்கில்ல நின்னவங்கன்னா ஒத்துக்குவோம், ஆனா பனிச்சரிவுல செத்தவங்கள தோண்டி எடுத்தவர், அடிபட்டவங்கள தூக்கிட்டு ஓடுன நர்சிங் அசிஸ்டென்ட், கூட வந்த வண்டி வெடிச்சத பாத்த டிரைவர், இவங்களுக்கும் வரும். சர்வீஸ்ல இருக்கறவரைக்கும் ஒண்ணும் தெரியாம ரிட்டயர்டு ஆனப்புறம் கிளம்புறதும் உண்டு, அதனால "அப்ப நல்லாத்தான இருந்தாரு"ங்கறது கணக்குல சேராது.

கெட்ட கனவுல கத்துறாருன்னா பதறிப்போய் தோளப் புடிச்சு உலுக்காதீங்க. முழிச்ச அந்த நொடில அவருக்கு நீங்க யாருன்னு தெரியாம கை ஓங்கிடலாம், அப்புறம் அதுக்கே வெக்கப்பட்டு தனி ரூமுக்குப் போயிடுவாரு. லைட்ட போட்டு, கால் மாட்டுல தள்ளி நின்னு, பேர் சொல்லியோ "என்னங்க, நம்ம வீட்லதான் இருக்கீங்க"ன்னோ கூப்பிடுங்க போதும்.

தீபாவளி, ஆடிப் பண்டிகை, குவாரினு வெடிச் சத்தம் கேட்டா அவர் பதறிடுவாருங்கறது தெரிஞ்ச விஷயம்தான். சத்தத்த விட திடீர்னு வர்றதுதான் பிரச்சினை, "சாயந்திரம் வெடி போடுவாங்க"ன்னு முன்னாடியே சொல்லி வச்சா பாதி குறையும். அவர் பின்னாடி சரம் வச்சுட்டு "என்னப்பா, மிலிட்டரிக்காரன் பயப்படுறியா"ன்னு சிரிக்கிற மச்சான்கள என்ன பண்றதுன்னுதான் தெரியல.

அடுத்தது, "ஏற்காட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வந்தா சரியாயிடும்"ங்கறது. குளுகுளுன்னு நமக்கு நல்லாருக்கும், ஆனா காஷ்மீர்ல கான்வாய்ல போனவருக்கு இருவது கொண்டை ஊசி வளைவும் பனிமூட்டமும் அப்படியே பழைய ரோடு மாதிரி இருந்தா ரெஸ்ட் எங்க கிடைக்கும்? போகவே கூடாதுன்னு சொல்லல, எல்லாத்தையும் ஒதுக்கிட்டே போனாலும் பயம் வளரத்தான் செய்யும். வர்றீங்களான்னு கேட்டுட்டு, அவர் சொல்ற நேரத்துல, முன் சீட்ல உக்கார வச்சு கூட்டிட்டுப் போங்க.

கேண்டீன் ரம்மு பெரிய சிக்கல். ரெண்டு பெக் போட்டா உடனே தூங்குவாரு, ஆனா பாதி ராத்திரிக்கு மேல தூக்கம் கெட்டு முழிப்பு வந்துரும், அப்புறம் ரெண்டு மூணாகும். ரொம்ப வருஷமா தினமும் குடிக்கறவர ஒரே நாள்ல நிறுத்தச் சொல்லி சத்தியம் வாங்காதீங்க, கை நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகும், டாக்டர் பார்வைலதான் நிறுத்தணும். மெடிக்கல் ஷாப்ல தூக்க மாத்திரை வாங்கிக் குடுக்கறதும் வேண்டாம், ரம்மோட சேந்தா உயிருக்கே ஆபத்து.

"செத்துரலாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த நெனப்பு வந்துரும்ங்கறது பொய். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, லைசன்ஸ் துப்பாக்கி இருந்தா எலெக்ஷன் டைம்ல பண்ற மாதிரி போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுடுங்க, 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்னு கவர்மென்ட்டோட மனநல உதவி லைன், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. கையில துப்பாக்கியோ கயிறோ எடுத்துட்டாருன்னா 112.

டாக்டர்கிட்ட எப்படிக் கூட்டிட்டுப் போறது? "மனநல டாக்டர்"னா வரமாட்டாரு. "தூக்கத்துக்குப் பாக்கலாங்க"ன்னு சொல்லுங்க, பொய்யும் இல்ல. இசிஎச்எஸ் கார்டு (ரிட்டயர்டு மிலிட்டரிக்காரங்களுக்கான மருத்துவத் திட்டம்) இருந்தா அவங்க பாலிகிளினிக்ல ரெஃபரல் வாங்கலாம், இல்லேன்னா மோகன் குமாரமங்கலம் ஜிஹெச் இருக்கு. செர்ட்ராலின் மாதிரி மாத்திரை குடுத்தா வேலை செய்யவே சில வாரம் ஆகும், பத்து நாள்ல "ஒண்ணும் ஆகல"ன்னு தூக்கிப் போட்டுறாதீங்க, கூடவே அந்தச் சம்பவத்த பதட்டமில்லாம பேசப் பழக்கற தெரபியும் இருக்கான்னு கேளுங்க, அதுதான் முக்கியம். அந்தக் கதைய வீட்ல உக்காந்து நோண்டி நோண்டி கேக்க வேண்டாம். போறப்ப வீட்டுக்காரம்மாவும் கூடப் போகணும், ராத்திரி என்ன நடக்குதுன்னு அவருக்கே முழுசா தெரியாது.