குடல் அறுவைக்குக் காத்திருக்கிறீர்களா? முதலில் மருத்துவமனைப் பதிவில் முகவரியை மாற்றுங்கள்

பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) நோயாளிகளுக்கு இது. வந்த வாரமே ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஊரில் செய்வதுபோல் ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே சர்ஜன் வாசலில் நிற்க இங்கே முடியாது. ஜிபி எழுதி அனுப்பவேண்டும்.

மருந்துக்கு அடங்காமல் நிலைமை முற்றினால், அவசர அறுவையில் பெருங்குடலை மட்டும் எடுப்பார்கள். சிறுகுடல் முனையை வயிற்றின் வெளியே கொண்டுவந்து அதன்மேல் பை ஒட்டுவார்கள்; அந்தத் திறப்புதான் ஸ்டோமா. மலக்குடல் உள்ளேயே இருக்கும். உடம்பு தேறிய பிறகு பெரும்பாலும் இரண்டு வழிகள்: மலக்குடலையும் எடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க வெளிப்பையோடு இருப்பது, அல்லது சிறுகுடலையே மடித்து உள்ளே ஒரு பை தைத்து ஆசனவாயில் இணைப்பது. உள்ளே பை தைக்கும் இந்த முறையை 1978இல் உலகுக்கு அறிவித்தவர்கள் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸும் நிக்கல்ஸும். இந்த வழியில் போனால் இரண்டு மூன்று அறுவைகள், இடையே பல மாதங்கள். குழந்தை வேண்டும் என்றிருக்கும் பெண்கள், இடுப்புக்குள் கத்தி வைப்பதால் கருத்தரிப்பு பாதிக்கப்படலாம் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

என் நண்பர் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்தான். முதல் அறுவை முடிந்ததும் ஈஸ்ட் ஹாம் அறையைக் காலி செய்து ஹாரோவுக்குப் போனார். வங்கிக்குச் சொன்னார், வேலையிடத்துக்குச் சொன்னார், மருத்துவமனைக்குச் சொல்லவில்லை. சர்ஜனைப் பார்க்கும் தேதியோடு வந்த கடிதம் பழைய வீட்டுக் கதவடியில், பீட்சா கடை விளம்பரத் தாள்களுக்கு நடுவே கிடந்தது. இவர் வரவில்லை என்று குறித்து ஜிபியிடமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? போடவில்லை. மிச்சமிருந்த மலக்குடலில் ரத்தக்கசிவோடு மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றார்.

ஜிபியிடம் முகவரியை மாற்றினால் மருத்துவமனையிலும் மாறிவிடும் என்று நம்பாதீர்கள். சர்ஜனின் செயலாளர் எண்ணையும் ஸ்டோமா நர்ஸ் எண்ணையும் வாங்காமல் வார்டை விட்டு வெளியே வராதீர்கள். ஸ்டோமா நர்ஸ்கள் தங்கமானவர்கள். அம்மா ஊரிலிருந்து போனில் “தண்ணீர் நிறையக் குடி” என்று சொல்லிக்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் பை வழியே உப்பும் சேர்ந்து போகும், உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள் என்று நண்பருக்கு விளக்கியவர் ஒரு நர்ஸ்தான். உப்புப் போட்ட கஞ்சியும் கைகொடுத்தது.

இங்கிலாந்தில் இந்த நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்துச் சீட்டுக் கட்டண விலக்கு கிடைக்காது. நிரந்தர ஸ்டோமா இருந்தால் உண்டு. அதற்கான எஃப்பி92ஏ படிவத்தை ஜிபி அலுவலகத்தில் கேளுங்கள். சான்றிதழ் கைக்கு வருமுன் மருந்துக்கடையில் இலவசக் கட்டத்தில் டிக் போட்டால் 100 பவுண்ட் வரை அபராதம் வரும்.