தண்டுவட மின்தூண்டல் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் குமரி மாவட்ட மருத்துவ மாணவருக்கு

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவில் ஹவுஸ் சர்ஜனாக நிற்கும்போது பனையில் இருந்து விழுந்தவர், தென்னையில் இருந்து விழுந்தவர், பைக்கில் இருந்து தெறித்தவர் எல்லாரும் வருவார்கள். எலும்பு கூடும், தையல் ஆறும். சிலருக்குக் காலில் எரிச்சல் மட்டும் வருடக்கணக்கில் அடங்காது. பிரெகாபலின், டுலோக்செடின் போன்ற நரம்புவலி மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தும் தூக்கம் வராதவர்களில் ஒரு பகுதியினருக்கு உதவக்கூடியதுதான், தண்டுவடத்தை ஒட்டி மின்முனை வைத்து மெல்லிய மின்சாரம் விடும் தண்டுவட மின்தூண்டல். அந்தப் பகுதி யார் என்று கண்டுபிடிப்பதுதான் இத்துறையில் பெரிய வேலை. ஊசி போடுவது அதற்கு அடுத்தது.

1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் வலியின் 'கதவுக் கோட்பாட்டை' வெளியிட்டார்கள். தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால், வலிச் செய்தி மேலே ஏறும் கதவு ஒருக்களிக்கும் என்பது அதன் சாரம். இரண்டே ஆண்டில், 1967-இல், நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பறுவை மருத்துவர் தண்டுவடத்தின் பின்பக்கம் மின்முனை வைத்தார். இன்றைய கருவியில் எபிடியூரல் இடத்தில் (தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில்) கிடக்கும் லீட் என்ற மின்முனைக் கம்பி, அதை நகராமல் பிடிக்கும் ஆங்கர், இடுப்புக்கு மேல் தோலடியில் வைக்கும் பேட்டரி ஆகிய மூன்றும் முக்கியம். ஊசி வழியாகச் செலுத்தும் லீடில் பெரும்பாலும் 8 மின்முனைகள் இருக்கும். எலும்பைக் கொஞ்சம் எடுத்து வைக்கும் பட்டையான பேடில் லீடில் 16-உம் அதற்கு மேலும் இருக்கலாம்.

படிப்பு

எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால், 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். அதன்பின் எம்.எஸ். பொது அறுவை மூன்றாண்டு, எம்.சிஎச். நரம்பறுவை மூன்றாண்டு. அல்லது எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரடியாக ஆறாண்டுப் படிப்பு. மனம் உறுதியாக இருந்தால் நேரடி வழியே மேல், மூளையையும் தண்டுவடத்தையும் ஆறு வருடமும் பார்க்கலாம். ஊசலாட்டம் இருந்தால் எம்.எஸ். வழி எடுங்கள். இடையில் மனம் மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். முடித்தபின் வலி சிகிச்சையிலோ செயல்பாட்டு நரம்பறுவையிலோ ஒரு வருடம் ஃபெலோஷிப் வேண்டும். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேர அளவில் இருக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவமனையும் கருவி உருவாக்கும் தொழில்நுட்பப் பிரிவும் ஒரே குடையின் கீழ் உள்ளன. கருவி ஆராய்ச்சி பழக நினைப்பவருக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருப்பது கொடுப்பினை.

வலியைக் கேட்கப் பழகுதல்

இதை எம்.பி.பி.எஸ். காலத்திலேயே தொடங்கலாம், செலவே இல்லை. நரம்பு வலியா என்று பார்க்க டிஎன்4 என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. நான்கோ அதற்கு மேலோ 'ஆம்' என்று வந்தால் நரம்பு வலிக்கு வாய்ப்பு அதிகம். சிக்கல் மொழியில் வரும். 'உளைச்சல்', 'கடுப்பு' என்று சொல்பவர் தசை வலியைச் சொல்லலாம். 'காந்துது', 'சுள்ளுசுள்ளுன்னு ஷாக் அடிக்குது', 'எறும்பு ஊறுது' என்பவை நரம்பின் பக்கம் சாயும். விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் கலந்து பேசுபவர் 'தரிப்பு' என்பார். சென்னைத் தமிழில் மொழிபெயர்த்த படிவத்தை அப்படியே நீட்டினால் தவறான எண்தான் வரும். சொற்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வேலை செய்யாது என்பதையும் மனப்பாடமாக வையுங்கள். பைக் விபத்தில் தோளில் இருந்து கைக்குப் போகும் நரம்புகள் தண்டுவடத்தில் இருந்தே பிடுங்கப்பட்டவருக்கு இக்கருவி பெரும்பாலும் கைகொடுக்காது. தூண்ட வேண்டிய இழைகளே அறுந்துவிட்டன, அவருக்கு, நரம்பு வேர் தண்டுவடத்தில் நுழையும் இடத்தைச் சுடும் டிரெஸ் (DREZ) அறுவை பேசலாம். தண்டுவடம் முழுதாக அறுந்தவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வரும் வலியிலும் பலன் குறைவு. பல லட்சம் செலவாகும் கருவியை ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தின் தலையில் கட்டுமுன் இதை நேராகச் சொல்ல வேண்டும்.

லீட் வைக்கும் இடம்

முதலில் மார்புப்பகுதி முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள். கால்வாய் குறுகியிருந்தால் லீடே தண்டுவடத்தை அழுத்தும். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் சாப்பிடுபவர் ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும், அதுவும் இதய மருத்துவர் ஒப்புக்கொண்டால்தான். நோயாளி குப்புறப் படுக்க, வயிற்றுக்கடியில் தலையணை. சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியை நேராக்குங்கள்: முள்ளெலும்பின் பின்பக்க முள்நீட்சி, இருபுறமும் உள்ள பெடிக்கிள் என்ற எலும்புத் தூண்களுக்குச் சரிநடுவில் தெரியும்வரை ஊசியைத் தொடக்கூடாது. இங்கே அவசரப்பட்டால், நடுக்கோடு என்று நினைத்து ஓரத்தில் போவீர்கள். நுனி வளைந்த 14 கேஜ் டூஹி ஊசியை முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் இடைவெளியை நோக்கி, சற்றுக் கீழே இருந்து, 45 பாகைக்கு மேல் நிமிராமல் செலுத்துங்கள். செங்குத்தாகப் போனால் லீட் வளையாமல் முட்டும். சிரிஞ்சின் எதிர்ப்பு சட்டென்று விடுபடும் கணம்தான் எபிடியூரல். இடுப்பு, கால் வலிக்கு லீட் நுனி 8-ஆம், 9-ஆம் மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் நிற்கும்.

பக்கவாட்டுப் படம் எடுக்காமல் திருப்தியடையாதீர்கள். நேர்ப்படத்தில் அழகாக நடுவில் தெரியும் லீட், தண்டுவடத்துக்கு முன்பக்கம் போயிருக்கலாம். அப்போது மின்சாரம் விட்டால் தசை வெட்டி இழுக்கும். ஓரமாகிவிட்டால் நரம்பு வேரைத் தூண்டி, விலாவைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல வலிக்கும்.

முதலில் லீடை மட்டும் உள்ளே வைத்து, பேட்டரியை வெளியே மாட்டிப் பார்க்கும் மூன்று முதல் ஏழு நாள் சோதனையில் வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. சோதனை கெடுவது பெரும்பாலும் லீட் நகர்வதால். கிணற்றில் தண்ணீர் இறைப்பது, குனிந்து தூக்குவது, பைக்கின் பின்னால் உட்கார்ந்து குலுங்குவது மூன்றையும் தடை சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் தண்டுவடம் மின்முனைப் பக்கம் நெருங்கி, தூண்டல் கூடும். படுக்குமுன் அளவைக் குறைக்கக் கற்றுக்கொடுங்கள், இல்லாவிட்டால் ஷாக் என்று பயந்து அணைத்துவிடுவார். முதுகுவலி ஏறிக்கொண்டே போய்க் கால் தளர்ந்தால் ரத்தக்கட்டி. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியது அது. அந்த வாரம் நோயாளியை மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கவைப்பது நல்லது.

ஆராய்ச்சி

வழக்கமான 40 முதல் 60 ஹெர்ட்ஸ் தூண்டலில் நோயாளிக்குக் குறுகுறுப்பு தெரியும். ஆகவே போலிச் சிகிச்சையோடு ஒப்பிட முடியாது, அவருக்கே தெரிந்துவிடுகிறது. உணர்வு தெரியாத 10,000 ஹெர்ட்ஸ், துடிப்புகளைக் கொத்துக்கொத்தாக விடும் பர்ஸ்ட் ஆகிய முறைகளில் அது முடியும். நார்வேயில் 50 பேரிடம் அப்படி பர்ஸ்ட் முறையைச் சோதித்து 2022-இல் வெளியான ஆய்வில், முதுகு அறுவைக்குப் பின்னும் வலி தொடர்ந்தவர்களுக்குப் போலியைவிடப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இத்துறைக்கு வருபவர் அதைப் படித்து, ஏன் என்று யோசித்தாக வேண்டும். கேள்வி இன்னும் திறந்திருப்பதால்தான் ஆள் தேவைப்படுகிறது. நடை திரும்புவதற்கான ஆராய்ச்சி வேறு. அதில் மின்முனை இடுப்புப்பகுதித் தண்டுவடத்தின் மேல் இருக்கும், மாதக்கணக்கில் பயிற்சியும் வேண்டும். செய்தித்தாள் படத்தைக் காட்டி நம்பிக்கை விற்காதீர்கள்.

நெறிமுறைக் குழு ஒப்புதலுக்குப் பிறகு, முதல் நோயாளியைச் சேர்க்குமுன் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு முடிய வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். பின்தொடரும் நாட்களை ஊரைப் பார்த்துக் குறியுங்கள். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார். மேற்குக் கடலில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மூன்றாம் மாதப் பரிசோதனை அதற்குள் விழும்படி மார்ச், ஏப்ரலில் கருவி வைத்தால் அவர் நேரில் வருவார். அதற்கு முன்பே கடலுக்குப் போக நினைத்தால், ரீசார்ஜ் பேட்டரிக்குப் படகில் மின்சாரம் எப்படி என்று கேட்டுவிட்டு மாடலைத் தேர்ந்தெடுங்கள்.